கையா, வண்டியா?

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்குள் ஓர் இடது வளைவு. நூறு தடவை திரும்பிய இடம்தான். ஸ்டீயரிங்கை வளைத்தேன், வண்டி திரும்பியது. வளைவு முடிந்ததும் வழக்கம்போலப் பிடியைத் தளர்த்தினேன். தானாக நேராக வேண்டிய ஸ்டீயரிங் வளைத்த இடத்திலேயே நின்றுவிட்டது.

வண்டி இடது பக்கமாகவே போனது. ஓரத்தில் கம்பி ஏற்றிய லாரி ஒன்று நின்றிருந்தது. பின்னால் நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளின் நுனியில் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். அந்தத் துணியில் இருந்த எண்ணெய்க் கறைகூடக் கண்ணில் பட்டது. அவ்வளவு பக்கத்தில் போன பிறகுதான் இரண்டு கையாலும் இழுத்து வண்டியை நேராக்கினேன்.

"இன்னாக்கா, தூக்கமா?" என்றாள் பக்கத்தில் இருந்த தனலட்சுமி.

பின் சீட்டில் பேசிக்கொண்டிருந்த மூன்று பெண்களும் வாயை மூடிக்கொண்டார்கள். வண்டிக்குள் மல்லிகைப்பூ வாசனையும், யாரோ மடியில் வைத்திருந்த டிபன் பாக்ஸிலிருந்து வந்த வத்தக்குழம்பு வாசனையும் மட்டும் இருந்தன.

"ஒண்ணுமில்ல. பள்ளம்" என்றேன்.

பள்ளம் எதுவும் இல்லை. அது அவளுக்கும் தெரியும்.

நான் வேலை பார்த்த பேக்கிங் யூனிட்டை மூடியதையும், அதில் கிடைத்த பணத்தில் பழைய கார் ஒன்றை வாங்கியதையும் முன்பே எழுதியிருக்கிறேன். மீஞ்சூரிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு ரயில் இருக்கிறது. ஆனால் ஸ்டேஷனில் இறங்கி கம்பெனி கேட் வரைக்கும் போவதற்குள் ஷிப்டு மணி அடித்துவிடும். வீட்டு வாசலில் ஏற்றி கேட்டில் இறக்கிவிட ஒரு பெண் டிரைவர் இருக்கிறாள் என்றதும் சீட்டுக்குப் போட்டியே வந்தது. தனலட்சுமி முதல் நாளிலிருந்து முன் சீட்டுக்காரி. கேபிள் கம்பெனியில் சரக்கு பார்த்து அனுப்பும் வேலை. குறை கண்டுபிடிப்பதற்கே சம்பளம் வாங்குகிறவள்.

அன்று அவர்களை இறக்கிவிட்டு, வேப்பமர நிழலில் வண்டியை நிறுத்தி, என் கைகளை விரித்துப் பார்த்தேன்.

சாக்பீஸ்

ஸ்டீயரிங் திரும்பி வரவில்லை என்றால் யாரும் முதலில் வண்டியைத்தான் சந்தேகப்படுவார்கள். நான் கையைச் சந்தேகப்பட்டதற்குக் காரணம் என் அக்கா.

அக்கா மார்த்தாள், மீஞ்சூரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். எங்கள் அப்பா அம்மா இருவரும் பொன்னேரிப் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். அந்த வீட்டிலிருந்து முதலில் சாக்பீஸ் பிடித்தவள் அவள். அவள் எழுத்து அச்சு மாதிரி இருக்கும். கடைசி பெஞ்சுக்கும் தெரிகிற மாதிரி, ஓர் எண் ஓர் ஆரஞ்சுப் பழம் அளவுக்கு எழுதுவாள்.

ஒரு வருஷம் பிள்ளைகள், "மிஸ், தெரியல மிஸ்" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். வரியின் தொடக்கத்தில் பெரிதாக இருக்கும் எழுத்து, போகப் போகச் சிறுத்து, கடைசியில் எறும்பு மாதிரி ஆகிவிடும். அக்கா சாக்பீஸைத்தான் திட்டினாள். "ஈரச் சாக்பீஸ வாங்கிப் போட்டிருக்கானுங்க, இழுக்கவே வர மாட்டேங்குது" என்பாள். வேறு கம்பெனி சாக்பீஸை அவளே வாங்கிக்கொண்டு போனாள். பிறகு போர்டு வழவழப்பாக இல்லை என்றாள். போர்டுக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்தார்கள். எழுத்து அப்படியேதான் இருந்தது.

முதலில் பார்த்த டாக்டர், டென்ஷன் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். பார்க்கின்சன் என்ற பெயர் எங்கள் வீட்டுக்கு வந்து சேர ரொம்ப நாளானது. அதற்குள் நடக்கும்போது அவள் வலது கையை வீசுவதே நின்றுபோயிருந்தது.

அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் வீட்டுக்காரர் காலமான பிறகு நாங்கள் இருவரும்தான். காலையில் அவளுக்குத் தலை வாரி, நாஷ்டா ஊட்டிவிட்டு, பக்கத்து வீட்டு அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் நான் சாவியை எடுப்பேன். எனக்குக் கை போய்விட்டால் அவளுக்கு யார் ஊட்டுவது? வேப்பமரத்தடியில் எனக்கு வந்த முதல் யோசனை இதுதான்.

அதோடு இன்னொன்று. அவள் சாக்பீஸைத் திட்டிய மாதிரி நான் வண்டியைத் திட்டக்கூடாது.

ரகசியப் பரீட்சைகள்

அடுத்து வந்த நாட்களில் ஒவ்வொரு வளைவும் எனக்குப் பரீட்சை ஆனது. சில வளைவில் ஸ்டீயரிங் ஒழுங்காகத் திரும்பி வரும். சிலவற்றில் பாதி வந்து நிற்கும். தச்சூர் கூட்ரோட்டில் நன்றாக வந்தது, பொன்னேரிக்குள் நின்றுவிட்டது. எப்போது நிற்கும் என்று சொல்லவே முடியவில்லை. அது என் பயத்தை இன்னும் கூட்டியது. அக்காவின் கையும் ஆரம்பத்தில் அப்படித்தான். காலையில் நன்றாக இருக்கும், மதியம் பேனா பிடிக்காது.

வளைக்கும்போது கனமே தெரியவில்லை என்பது இன்னொரு குழப்பம். ஸ்டீயரிங்கில் கோளாறு இருந்தால் வளைக்கவும் கஷ்டமாகத்தானே இருக்க வேண்டும்? வெண்ணெய் மாதிரி வளைகிறது. திரும்பி வர மட்டும் மாட்டேன் என்கிறது. அப்படியானால் நான்தான் கையைத் தளர்த்தாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன். தளர்த்திவிட்டதாக என் மூளை நினைத்துக்கொள்கிறது. இப்படி ஒரு கணக்குப் போட்டேன். கணக்கு டீச்சரின் தங்கை இல்லையா!

நரம்பு டாக்டரைப் பார்க்கத் திருவள்ளூருக்குப் போனேன். பொன்னேரியில் பார்த்தால் யாராவது தெரிந்தவர் கண்ணில் பட்டு, நான் வீடு திரும்பும் முன் செய்தி அக்காவிடம் போய்விடும். அக்காவிடம் வண்டியை சர்வீஸுக்கு விடப் போகிறேன் என்று பொய் சொல்லி, வண்டியைச் சர்ச் பின்னால் நிறுத்திவிட்டு, பஸ் மாறி மாறிப் போனேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துப் பிடித்து விட்டுக்கொண்டே வந்த என்னை, பக்கத்து சீட்டு அம்மாள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

எனக்கு ஒரு மகன் இருந்தால் டாக்டர் வயதுதான் இருக்கும். கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டச் சொன்னார். கையை மூடித் திறக்கச் சொன்னார். முழங்கையை மடக்கி நீட்டிப் பார்த்தார். வராந்தாவில் நடக்கவிட்டு, பின்னாலேயே வந்தார்.

"எனக்கு ஒண்ணும் தப்பாத் தெரியலம்மா. பட்டன் போட முடியுதா? சமையல்?"

"முடியுது."

"அப்ப கார்ல மட்டும்தான் கை நிக்குதா?"

"ஆமா சார்."

"கார்ல மட்டும் வர்ற வியாதி எனக்குத் தெரிஞ்சு இல்லம்மா. அக்காவுக்கு இருந்தா தங்கச்சிக்கும் வந்தே ஆகணும்னு கிடையாது. வண்டிய ஒரு தடவை மெக்கானிக்கிட்ட காட்டிட்டு வாங்களேன்."

நல்ல மனிதர்தான். ஆனால் நான் நம்பவில்லை. அக்காவுக்கும் முதல் டாக்டர் வெறும் டென்ஷன் என்றுதானே சொன்னார்?

வீடில்லாத மனைகள்

மறுநாள் காலையில் கேட்டில் இறக்கிவிடும்போது நால்வரிடமும் சொல்லிவிட்டேன். "வேற வண்டி பாத்துக்கோங்கம்மா. என்னால இனிமே முடியாது."

மூன்று பேர் முகம் வாடிப் போனார்கள். தனலட்சுமி மட்டும் தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனாள். சாயங்காலம், மற்ற மூவரும் இறங்கும் வரை காத்திருந்துவிட்டு ஆரம்பித்தாள்.

"இன்னாக்கா பேஜாரு? ஒழுங்கா சொல்லு."

சொல்லிவிட்டேன். யாரிடமும் சொல்லாததை அவளிடம் ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. தினமும் பக்கத்திலேயே உட்கார்ந்து வருகிறவள் என்பதால் இருக்கலாம். அவள் முழுக்கக் கேட்டாள். பிறகு, "எறங்கு" என்றாள்.

"எதுக்கு?"

"நான் ஓட்டிப் பாக்குறேன். எங்கிட்டயும் லைசென்ஸ் இருக்குதுல்ல? எங்கூட்டு ஆளுதான் அவரு காரத் தொடவே வுட மாட்டாரு."

பெரிய சாலையில் அவள் கையில் கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை. பக்கத்தில் மனை போட்டு விற்கும் லே-அவுட் ஒன்று இருந்தது. முகப்பில் பெரிய அலங்கார வளைவு, உள்ளே தார் ரோடு, மஞ்சள் பெயின்ட் அடித்த எல்லைக் கற்கள். வீடு என்று ஒன்றுகூடக் கிடையாது, இரண்டு மாடுகள் மட்டும் மேய்ந்துகொண்டிருந்தன. அங்கே கொண்டுபோய்ச் சாவியைக் கொடுத்தேன்.

இன்ஜினை இரண்டு தடவை அணையவிட்டு, மூன்றாவது தடவை கிளப்பினாள். ஊர்ந்து போய் முதல் தெருவில் திரும்பினாள். "வுட்டுட்டேன்க்கா, கைய வுட்டுட்டேன்!" என்று கத்திக்கொண்டே இரண்டு கைகளையும் தூக்கினாள். ஸ்டீயரிங் நகரவே இல்லை. வண்டி வளைந்துகொண்டே ஒரு மஞ்சள் கல்லை நோக்கிப் போனது. நான் ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். மாடுகள் தலை தூக்கிப் பார்த்தன.

"பாத்தியா? எனக்கும் வரல!" என்றாள் மூச்சு வாங்க. ஏதோ பரிசு வாங்கியவள் மாதிரி இருந்தது முகம்.

"நீ ஓட்டுனா எந்த வண்டிதான்டி நேரா போவும்?"

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து ஓய்ந்ததும் நிதானமாகச் சொன்னாள். "நான் மோசமா ஓட்டுவேன், ஒத்துக்கிறேன். ஆனா கைய எடுத்தது நெசம்தானே? டிரைவிங் ஸ்கூல் வண்டில கைய எடுத்தா சக்கரம் தானா சுத்திக்கினு வரும்க்கா. இது வரல. எனக்கு இன்னா வியாதி?"

மார்புக்குள் ஏதோ ஒன்று லேசாக இளகியது. அதை நம்பப் பயந்துகொண்டே வீட்டுக்குப் போனேன்.

தூக்கி நிறுத்திய சக்கரம்

கவரைப்பேட்டையில் சீனய்யாவின் ஒர்க்‌ஷாப். ஆந்திர எல்லைப் பக்கத்துக்காரர். யாரைப் பார்த்தாலும் நைனா, அம்மா என்றுதான் கூப்பிடுவார். மறுநாள் நால்வரையும் ரயிலில் போகச் சொல்லிவிட்டு, ஒர்க்‌ஷாப் திறக்கும்போதே போய் நின்றேன். நடந்ததைச் சொன்னேன். கையைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

அவர் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "நெசந்தாம்மா. ரிட்டர்ன் ஆவல."

அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் கிட்டத்தட்ட அழுதுவிட்டேன். முப்பது வருஷமாக வண்டி ஓட்டுகிற அவர் கைக்கும் அது திரும்பி வரவில்லை.

"காத்து கம்மியா இருந்தா இப்டி ஆவும்" என்றார். காற்று அடித்து மறுபடி ஓட்டினார். பலன் இல்லை. உதட்டைப் பிதுக்கினார். அடுத்து முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, இரண்டு சக்கரமும் தரையில் படாதபடி நிறுத்தினார். இன்ஜினை அணைத்துவிட்டு, என்னை உள்ளே உட்காரச் சொன்னார்.

"மெதுவா சுத்துங்கம்மா. எங்க டைட்டு, எங்க லூசுன்னு சொல்லுங்க."

சுற்றினேன். இன்ஜின் ஓடும்போது வெண்ணெயாக இருந்தது இப்போது வேறு மாதிரி இருந்தது. கொஞ்ச தூரம் லேசாகப் போனது, பிறகு பிடித்தது, மறுபடி லேசானது, மறுபடி பிடித்தது. "டைட்டு... லூசு... டைட்டு..." என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

சக்கரத்தையும் ஸ்டீயரிங்கையும் சேர்க்கும் கம்பிகளை இரண்டு பக்கமும் கழற்றினார். சக்கரத்தைக் கையால் தள்ளினார். கதவு மாதிரி லேசாக ஆடியது. "சக்கரத்துல தப்பு இல்ல. இப்ப சுத்துங்க." சுற்றினேன். சக்கரத்தோடு தொடர்பே இல்லாத அந்த ஸ்டீயரிங் இப்போதும் டைட்டு, லூசு, டைட்டுதான்.

"அப்ப கோளாறு மேலதான்" என்று சொல்லிவிட்டு, பெடல்களுக்குக் கீழே தலையை நுழைத்தார். அவருடைய கால்கள் மட்டும் கதவுக்கு வெளியே தெரிந்தன. ஸ்பேனர் சத்தம், ஒரு முனகல், தெலுங்கில் ஒரு வசவு. பிறகு துருப்பிடித்த ஓர் இரும்புத் துண்டோடு வெளியே வந்தார்.

"ஜாயின்டும்மா. ஸ்டேரிங் கம்பி கீழ எறங்குற எடத்துல, முட்டி மாதிரி மடங்குறதுக்காக வெச்சிருப்பான். மழையில வண்டிய தண்ணில நிறுத்துனீங்களா?"

நிறுத்தினேன். போன மழையில் எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். வண்டியை மேட்டுக்குக் கொண்டுபோகும் முன்பே தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. பிறகு சீட்டையும் கார்பெட்டையும் காய வைத்தேன். இந்த முட்டியை யார் நினைத்தார்கள்? மீஞ்சூரின் உப்புக் காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது.

"மடக்கிப் பாருங்க" என்று அதை என் கையில் கொடுத்தார்.

ஒரு பக்கமாக மடக்கினேன், மடங்கியது. மறு பக்கமாக மடக்கினேன். அசையவில்லை. இரண்டு கையாலும் முழு பலத்தோடு அழுத்திய பிறகு, கறகறவென்று கொஞ்சம் நகர்ந்து அங்கேயே நின்றுவிட்டது. என் உள்ளங்கை முழுக்கச் செந்துரு. விரல்கள் வலித்தன. அந்த வலி எவ்வளவு நன்றாக இருந்தது என்று எழுதினால் நம்புவீர்களா?

"ஆனா வளைக்கும்போது கனமே தெரியலையே?"

"மோட்டார் வெச்ச ஸ்டேரிங் இல்லியா? நீங்க வளைச்சா அது கூட சேந்து தள்ளும். உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. திரும்பி வர்றது சக்கரம் தானா இழுத்துக்கினு வரணும். அந்த இழுப்புக்கு இந்தத் துரு வழி வுடல." அதைத் திரும்ப வாங்கித் தட்டிப் பார்த்தார். அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "இன்னும் கொஞ்ச நாள் வுட்டுருந்தா ஒரு வளைவுல சுத்தமா புடிச்சிருக்கும்மா. வண்டி நெறைய பொம்பளைங்கள வெச்சிக்கினு... இன்னாத்துக்கு இத்தினி நாள் சும்மா இருந்தீங்க?"

அந்த லாரியின் கம்பிகள் கண்முன் வந்தன.

"என் கைதான் சரியில்லைன்னு நெனச்சேன்" என்றேன்.

அவர் என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். டீ வரவழைத்துக் கொடுத்தார். சென்னையிலிருந்து புது ஜாயின்ட் வரும் வரை அங்கேயே ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்திருந்தேன். முதலில் தனலட்சுமிக்குப் போன் செய்தேன். அவள் பேசியது மெஷின் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. "நான் சொல்லல?" என்பது மட்டும் கேட்டது.

அக்காவிடம்

வண்டி சரியாகிவிட்டது. வீடு நெருங்க நெருங்க வேறொரு சங்கடம். அக்காவிடம் என்ன சொல்வது? உனக்கு வந்தது எனக்கு வரவில்லை, அதனால் சந்தோஷமாக இருக்கிறேன் என்று எப்படிச் சொல்ல முடியும்?

ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நான் செருப்பைக் கழற்றிக்கொண்டே, எதுவும் நடக்காத குரலில், "வண்டில ஒரு ஜாயின்ட் துருப்புடிச்சிருந்துச்சுக்கா. மாத்தியாச்சு" என்றேன்.

"வண்டியா?"

"ஆமா."

"வண்டிதானா? கை இல்லையே?"

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"மாவு கரைக்கும்போதெல்லாம் கரண்டியப் பாக்காம வலது கையவே பாத்துக்கினு இருந்தியேடி. எனக்குத் தெரியாதா?" அவள் குரல் இப்போதெல்லாம் மெலிந்துதான் வரும். பக்கத்தில் போய்க் கேட்டேன். "கேட்டா பொய் சொல்லுவே. அதான் கேக்கல. சொல்லு. கை இல்ல, வண்டிதான்னு வாய் தொறந்து சொல்லு."

"கை இல்லக்கா. வண்டிதான். டாக்டரும் பாத்துட்டாரு."

"ஸ்தோத்திரம்" என்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. துடைக்கக் கை தூக்கினாள், அது பாதி வழியில் நடுங்கியது. நான் துடைத்துவிட்டேன். "உனக்கும் வந்துருந்தா என்னை யாருடி பாப்பாங்கன்னு பயந்தேன். அப்புறம், சீ, இன்னா பொம்பள நானுன்னு என்னையே திட்டிக்கினேன். அப்புறம் மறுபடி பயந்தேன்."

"நானும் அதைத்தான்க்கா மொதல்ல நெனச்சேன். உன்ன யாரு பாப்பாங்கன்னு."

அவள் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டேன். பிறகு அவளே, "எங்கயாவது கூட்டினு போயேன்" என்றாள்.

பழவேற்காடு சாலையில் போனோம். வெயில் இறங்கியிருந்தது. ஒரு வளைவு முடியும் இடத்தில், முன்னும் பின்னும் வண்டி இல்லாததைப் பார்த்துக்கொண்டு, பிடியைத் தளர்த்தினேன். ஸ்டீயரிங் என் உள்ளங்கைகளை உரசிக்கொண்டே சுழன்று நேராக வந்து நின்றது.

"அட, அதுவா வருது!" என்றாள் அக்கா.

"அதுவாத்தான் வரணும்."

"இன்னொரு வாட்டி காட்டு."

அடுத்த வளைவில் காட்டினேன். அதற்கடுத்த வளைவிலும்.

உப்பங்கழி தெரிகிற இடத்தில் ஒரு பஜ்ஜிக் கடை. வியாதி வந்ததிலிருந்து அக்கா வீட்டுக்கு வெளியே வாய் திறந்து எதுவும் சாப்பிட்டதில்லை. கல்யாணத்துக்குப் போனாலும் பசியில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவாள். ஊட்டிவிடுவதைப் பழைய மாணவர்கள் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று கூச்சம். அன்று அவளே, "வாழக்கா பஜ்ஜி வாசனை வருது" என்றாள்.

வாங்கி வந்தேன். கடையைச் சுற்றி நல்ல கூட்டம். கார்க் கதவைச் சாத்திவிட்டு ஊட்டலாம் என்று கைப்பிடியைப் பிடித்தேன்.

"தொறந்தே இருக்கட்டும். காத்து வரட்டும்" என்றாள்.

சூடு ஆற ஊதி, ஒரு துண்டைப் பிய்த்து நீட்டினேன். அவள் வாயைத் திறந்தாள்.